கஷாபா ஜாதவ்: மண்களத்திலிருந்து ஹெல்சிங்கிவரை



ஐந்தாம் படிவ மாணவர்களிடம், "உங்களுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுங்கள்" என்று சொல்லியிருந்தேன். பாதிப்பேர் லீ சோங் வெய். கால்வாசிப் பேர் ரொனால்டோ. ஒரு பையன் மட்டும் எழுந்து, "சார், மல்யுத்த வீரர் எழுதலாமா? எங்க தாத்தா எப்பப் பார்த்தாலும் தாரா சிங், கிங் காங்னே பேசுவாரு" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாத்தாவும் அதே பேச்சுதான். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவிய மனிதர். போர் முடிந்த பிந்தைய ஆண்டுகளில் மலாயாவின் பட்டணம் பட்டணமாக நடந்த குஸ்திப் பந்தயங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறுகூட வேண்டாம்.

தாரா சிங்கும் கிங் காங்கும் தொழில்முறை மல்லர்கள். சீட்டு விற்று, விளம்பரம் ஒட்டி, மேடை போட்டு நடந்த ஆட்டங்கள் அவை. அதனால்தான் தோட்டத்து லயம்வரை அவர்கள் பெயர் வந்து சேர்ந்தது. காசு வாங்காமல், விளையாட்டை விளையாட்டாக ஆடிய மல்லர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு விளம்பரம் ஒட்ட யாருமில்லை. அந்தப் பையனிடம் அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னேன். அவர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர். பையன் மூன்று நாள் கழித்து வந்து, "சார், ஒரு பக்கத்துக்குமேல ஒண்ணும் கிடைக்கல" என்றான். இந்தக் கட்டுரை அவனுக்காகத் தொடங்கியது. உங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம், நாம் தமிழாசிரியர்கள் அல்லவா. மல் என்றால் வலிமை. அந்த வலிமையால் பொருதுவது மற்போர். மல்லுக்கு நிற்பது, மல்லுக்கட்டுவது என்று இன்றும் வீட்டில் பேசுகிறோம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டம். மாமல்லபுரத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. புறநானூற்றின் 80ஆம் பாட்டு ஒரு மற்போரையே கண்முன் நிறுத்துகிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஆறாம் படிவத்தில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். வென்ற அரசனுக்கு நீளப் பெயர் இருக்கிறது. அவனுடைய தந்தை தித்தன் பெயரும் பாட்டில் இருக்கிறது. தோற்ற மல்லனுக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான். அவனும் ஒரு குருவிடம் பழகியிருப்பான், அவனுக்கும் ஒரு தாய் சோறு போட்டிருப்பாள். போகட்டும்.

ஜாதவ் பிறந்தது 1926 ஜனவரி 15. ஊர் கோலேஷ்வர். இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில், சாத்தாரா மாவட்டத்தில், கராடு நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். ஐந்து மகன்களில் கடைக்குட்டி. அப்பா தாதாசாகேப் மல்லர். பிள்ளை ஐந்து வயதாகும்போதே களத்தில் இறக்கிவிட்டார். எட்டு வயதில் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற ஒருவரை இரண்டே நிமிடத்தில் மண்ணில் கிடத்தினார் என்று அவர் ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. பெரிய உடம்பெல்லாம் இல்லை. குள்ளமான, கட்டான உருவம். பிற்காலத்தில் பத்திரிகைகள் அவரைப் 'பாக்கெட் டைனமோ' என்றன.

கோலாப்பூர், சாத்தாரா வட்டாரத்தில் மற்பயிற்சிக் கூடத்துக்குத் 'தாலிம்' என்று பெயர். உள்ளே நிலம் முழுக்கப் பதப்படுத்திய செம்மண். அந்த மண்ணில் எண்ணெய், மோர், மஞ்சள்தூள் எல்லாம் கலந்து, கட்டி தட்டாமல் தினமும் கொத்தி விடுவார்கள். விடியுமுன் எழுந்து மண்ணைக் கொத்துவதே முதல் பயிற்சி. தோளும் முதுகும் அதிலேயே முறுக்கேறிவிடும். பிறகு தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல். செருப்பில்லாத கால் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். எதிரியின் முதுகை மண்ணில் படவைத்தால் வெற்றி. புள்ளிக் கணக்கு கிடையாது, மேசையில் உட்கார்ந்து எழுதும் நடுவர்களும் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் லண்டனிலும் ஹெல்சிங்கியிலும் அவருக்கு நேர்ந்தது புரிய வேண்டுமென்றால் இந்த மண்ணை அறிந்திருக்க வேண்டும்.

1940இல் கராடு திலகர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1947வரை அங்கே படிப்பு. இந்த ஏழு வருடத்தில்தான் உலகப் போர் நடக்கிறது. 1942 ஆகஸ்ட் 8ஆம் தேதி பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறுகிறது. விடிவதற்குள் காந்தி உட்பட தலைவர்கள் எல்லாரும் கைது. தலைவர்கள் சிறைக்குப் போனதும் இயக்கம் அடங்கிவிடும் என்று ஆங்கிலேயர் கணக்குப் போட்டார்கள். பல ஊர்களில் அந்தக் கணக்கு பலித்தது. சாத்தாராவில் பலிக்கவில்லை. அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தாலுகா கச்சேரிகளை நோக்கி நடந்தார்கள். கராடிலும் நடந்தது. வடூஜ் என்ற ஊரில் போலீஸ் சுட்டதில் ஊர்வலத்தில் வந்தவர்கள் இறந்தார்கள்.

அதற்குப்பின் இயக்கம் தலைமறைவானது. நானா பாட்டீல் தலைமையில் 1943இலிருந்து ஓர் எதிர் அரசாங்கமே சாத்தாரா கிராமங்களில் இயங்கியது. 'பிரதி சர்க்கார்' என்று பெயர். ஊர் வழக்குகளைத் தாங்களே தீர்த்தார்கள், கந்துவட்டிக்காரனை மிரட்டினார்கள், போலீசுக்குத் துப்புக் கொடுத்தவனின் உள்ளங்காலில் அடித்தார்கள். இந்த உள்ளங்கால் அடியை வைத்து மக்கள் அந்தப் பெயரையே 'பத்ரி சர்க்கார்' என்று கேலியாக மாற்றிக்கொண்டார்கள். ஆயுதம் ஏந்திய அணிக்குத் 'தூஃபான் சேனா', அதாவது புயற்படை என்று பெயர். 1943 ஜூன் 7ஆம் தேதி ஷேனோலி என்ற இடத்தில் சம்பளப் பணம் ஏற்றி வந்த ரயிலை மறித்துப் பணத்தை எடுத்ததும் அவர்கள்தான். ஷேனோலி கராடு வட்டாரத்திலேயே இருக்கிறது.

ஒன்று யோசித்துப் பாருங்க. தலைமறைவாக ஓடிக்கொண்டிருப்பவனுக்கு என்ன வேண்டும்? இரவுக்கு ஒரு கூரை, ஒரு வேளைச் சோறு, அடுத்த ஊருக்குத் தகவல் கொண்டுபோக நம்பகமான ஓர் ஆள். தாலிம் இருக்கும் ஊரில் இளைஞர்கள் விடியுமுன் நடமாடுவது இயற்கை. பத்துப் பேர் ஒன்றாக ஓடினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். களத்தில் ஒன்றாக மண் தின்றவர்களிடையே ஒரு விசுவாசமும் இருக்கும். பதினாறு வயது ஜாதவ் செய்த போர்க்காலச் சேவை இதுதான்: தேடப்பட்டவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடிக் கொடுத்தார், தங்க வைத்தார், ஆங்கில ஆட்சிக்கு எதிரான துண்டுக் கடிதங்களைக் கைமாற்றினார்.

அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அவ்வளவுதான். அவர் ரயில் மறித்ததாகவோ துப்பாக்கி ஏந்தியதாகவோ எந்தக் குறிப்பும் இல்லை. மாணவர்களின் கட்டுரைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது: யாரை எடுத்தாலும் 'மாபெரும் விடுதலைப் போராளி' ஆக்கிவிடுவார்கள். ஜாதவை அப்படி ஆக்க வேண்டாம். பிடிபட்டிருந்தால் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை மட்டும் சொன்னால் போதும். சிறை, கசையடி, வீட்டு நிலம் பறிபோவது, அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் தொல்லை. அதைத் தெரிந்தேதான் செய்தார்.

அதே மாதங்களில் நம் பேராவில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. டிசம்பர் 30லிருந்து நான்கு நாள் கம்பாரில் சண்டை. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களோடு சேர்ந்து நின்றவர்களில் பஞ்சாப் படைப்பிரிவினர் உண்டு. பிறகு மூன்றரை வருட ஆட்சி. தோட்டங்களில் பால் வெட்டு நின்றது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. நம்மாட்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இன்னொரு பக்கம், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின் தோட்டத்து இளைஞர்களும் இளம்பெண்களும் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள்.

ஈப்போவிலிருந்து சிறிது தூரத்தில் பாப்பான் இருக்கிறது. ஈய லம்பம் வற்றிப்போன பழைய ஊர். அங்கே பிரதான வீதியில் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் கார்த்திகேசுவும் அவருடைய கணவர் டாக்டர் கார்த்திகேசுவும் மருந்தகம் நடத்தினார்கள். காட்டுக்குள்ளிருந்து இரவில் வந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளின் காயத்துக்கு சிபில் மருந்து போட்டார். இரகசியமாக வானொலி வைத்து பி.பி.சி. செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டார். கெம்பெய்தாய் செய்த சித்திரவதையில் அவருக்கு எழுந்து நடக்கவும் முடியாமல் போனது. பத்து காஜா சிறையிலிருந்து போர் முடிந்ததும் மீட்கப்பட்டார். சிகிச்சைக்காக பிரிட்டன் போனவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூன் 12ஆம் தேதி ஸ்காட்லாந்தில் காலமானார்.

சிபிலையும் ஜாதவையும் ஒரே தராசில் வைக்கவில்லை. சிபில் கொடுத்த விலை வேறு. செய்த வேலையின் தன்மையைப் பார்க்கச் சொல்கிறேன்: கதவைத் திறந்து விடுவது, உள்ளே வைத்துக் காப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. இப்படிப்பட்ட சேவைக்குப் படைப்பிரிவு எண் இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. பிடிபட்டால்தான் காகிதத்தில் பெயர் ஏறும். பிடிபடாமல் கெட்டிக்காரத்தனமாகச் செய்தவன் வரலாற்றிலிருந்தே மறைந்துபோகிறான். ஜாதவின் போர்க்காலத்தைப் பற்றி நமக்கு இரண்டே வரி மிஞ்சியதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த இரண்டு வரியும் பின்னால் அவர் பதக்கம் வாங்கியதால் கிடைத்தவை. பதக்கம் இல்லாத பையன்கள் அந்த ஊர்களில் எத்தனை பேரோ!

சிபில் காலமான அடுத்த மாதமே, 1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. சுதந்திரம் பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அணியில் ஜாதவ் இருந்தார்.

அங்கே போன கதையையும் சொல்ல வேண்டும். பள்ளி முடித்து கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்திருந்தார். கல்லூரி விளையாட்டு விழாவில் மற்போருக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, ஆள் சின்னதாக இருக்கிறான் என்று விளையாட்டுப் பொறுப்பாளர் சேர்க்க மறுத்தார். ஜாதவ் நேராக முதல்வரிடம் போய் நின்றார். முதல்வர் அனுமதித்தார். களத்தில் இறங்கியவர் தம்மைவிடப் பெரிய ஆட்களை வரிசையாக வீழ்த்தினார். (நம் பள்ளிகளிலும் குறுக்கோட்டத்துக்குப் பெயர் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.) லண்டன் பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார்.

லண்டனில் முதல் அதிர்ச்சி மெத்தை. அதுவரை மண்ணில் மட்டுமே ஆடிய கால். மண் கவ்வும், மெத்தை வழுக்கும். காலில் பூட்ஸ் வேறு. விதிகளும் வேறு: நேரக் கட்டுப்பாடு, புள்ளிகள், மூன்று நடுவர்கள். அமெரிக்கரான ரீஸ் கார்ட்னர் அங்கே அவருக்கு மெத்தை ஆட்டத்தின் நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். 52 கிலோ பிரிவில் ஆஸ்திரேலியரையும் அமெரிக்கரையும் வென்றார். ஈரான் வீரர் மன்சூர் ரயீசியிடம் தோற்றார். ஆறாவது இடம். மெத்தையைப் புதிதாகப் பார்த்த ஒருவருக்கு ஆறாவது இடம் என்பது சும்மா இல்லை. ஊருக்குத் திரும்பியதும் அடுத்த நான்கு வருடமும் உழைத்தார். எடைப் பிரிவையும் 57 கிலோவுக்கு மாற்றிக்கொண்டார்.

1952 ஹெல்சிங்கிக்கான தேர்வில் ஒரு குளறுபடி. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் ஜாதவுக்கு ஒரு புள்ளி குறைவாகப் போட்டு நிரஞ்சன் தாஸ் என்பவரை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது அவர் தரப்புக் குறை. விடவில்லை. விளையாட்டில் ஆர்வமுள்ள பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். மறுபந்தயம் நடந்தது. நிரஞ்சன் தாஸை மெத்தையில் மல்லாத்திவிட்டுத்தான் எழுந்தார். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்?

அணியில் இடம் கிடைத்தது, போகப் பணமில்லை. இந்தப் பகுதிதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்தது. அரசாங்கத்திடம் கேட்டார், போதுமான உதவி வரவில்லை. பிறகு ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். குடும்பத்தார் ஓடினார்கள். கிராமத்து மக்கள் இருந்ததைக் கொடுத்தார்கள். ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டிகர் தம் சொந்த வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். 1952இல் 7,000 ரூபாய்! ஒரு ஆசிரியர் தம்மிடம் படித்த மாணவனுக்காகச் செய்தது. நம் ஆசிரியர் அறைகளில் மாணவர்களின் பேருந்துச் செலவுக்குக் கைப்பணம் போடுகிற நண்பர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். வீட்டையே வைக்கிற துணிச்சல் எனக்கு இருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வென்று முன்னேறினார். அவருக்குப் பிடித்த பிடி ஒன்று உண்டு, 'டாக்' என்பார்கள். எதிரியின் தலையைக் கையிடுக்கில் இறுக்கிக்கொண்டு, இடுப்பைச் சுழற்றி, அப்படியே தூக்கி எறிவது. மண்களத்துப் பிடி மெத்தையிலும் வேலை செய்தது. பிறகு ஜப்பானின் ஷோஹாச்சி இஷியுடன் நீண்ட போராட்டம். அதில் தோல்வி. களைப்புத் தீருமுன்பே அடுத்த ஆட்டத்துக்கு அழைத்தார்கள். எதிரே சோவியத் வீரர் ரஷீத் மம்மத்பெயோவ். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் அரைமணி நேரம் ஓய்வு என்பது விதி. விதியைச் சொல்லி வாதாட இந்திய அதிகாரிகள் யாரும் பக்கத்தில் இல்லை. ஜாதவ் அப்படியே மெத்தை ஏறினார், தோற்றார். இஷி தங்கம், மம்மத்பெயோவ் வெள்ளி, ஜாதவ் வெண்கலம். தேதி 1952 ஜூலை 23.

அந்தப் பதக்க மேடையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜப்பானும் ஜெர்மனியும் 1948 லண்டனுக்கு அழைக்கப்படவே இல்லை. ஹெல்சிங்கியில் ஜப்பான் பெற்ற ஒரே தங்கம் இஷி வென்றதுதான். சோவியத் ஒன்றியத்துக்கு அதுவே முதல் ஒலிம்பிக். இந்தியா சுதந்திரம் பெற்று ஐந்து வருடம். பத்து வருடத்துக்கு முன்னால் 1942இல் இந்த மூன்று நாடுகளும் எந்த நிலையில் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். பாப்பானில் கெம்பெய்தாய் கதவைத் தட்டிய காலத்தில் கராடில் ஒளிந்துகொள்ள இடம் தேடிக் கொடுத்த பையன், ஒரு ஜப்பானியரோடும் ஒரு சோவியத் வீரரோடும் கைகுலுக்கி ஒரே மேடையில் நிற்கிறான். வரலாற்று வகுப்பில் 'போருக்குப் பிந்தைய உலகம்' என்று ஒரு மணி நேரம் விளக்குவதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

ஊர் திரும்பியபோது கராடு ரயில் நிலையத்திலிருந்து கோலேஷ்வர்வரை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் கட்டி ஊர்வலம் விட்டார்கள். சில நிமிடத்தில் நடந்து கடக்கிற தூரத்துக்குப் பல மணி நேரம் ஆனதாம். ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் ஓய்ந்ததும் ஜாதவ் செய்த முதல் வேலை மற்போர்ப் பந்தயங்களில் இறங்கிப் பணம் சேர்த்தது. அந்தப் பணத்தில் கர்டிகரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955இல் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போகும் வாய்ப்பை முழங்கால் காயம் தின்றுவிட்டது. 27 வருடம் போலீஸ் வேலை. உதவிப் போலீஸ் ஆணையராக ஓய்வு பெற்றார். பதவி உயர்வு தாமதமானது, ஓய்வூதியத்துக்கு அலைய வேண்டியிருந்தது, கடைசிக் காலத்தில் கையில் பணமில்லை. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் தீப்பந்தம் ஏந்தி ஓட அழைத்தார்கள். அது ஒன்றுதான் உயிரோடிருந்தபோது கிடைத்த பெரிய மரியாதை. 1984 ஆகஸ்ட் 14ஆம் தேதி சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது 2001இல், இறந்து பதினேழு வருடம் கழித்து வந்தது. டில்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்கு மற்போர் நடந்த அரங்குக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏன் மறந்தார்கள்? அரசாங்கத்தைக் குறை சொல்வது எளிது. குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமல்ல. அதே ஹெல்சிங்கியில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. தங்கத்துக்குப் பக்கத்தில் வெண்கலம் மங்கித்தான் தெரியும். இரண்டாவது, அவர் ஆடியது காசில்லா ஆட்டம். தாரா சிங்குக்குப் பின்னால் சீட்டு விற்றவர்கள் இருந்தார்கள், பிறகு சினிமா இருந்தது, 'ராமாயண'த் தொடரில் அனுமார் வேடம் இருந்தது. நம் தாத்தாமார் அவரை மறக்காததில் வியப்பில்லை. ஜாதவுக்குப் பின்னால் ஒரு கிராமமும் அடமானம் வைத்த ஒரு வீடும்தான் இருந்தன. மூன்றாவது, அவர் தம்மைப் பற்றிப் பேசத் தெரியாதவர். தலைமறைவுக்காரர்களை ஒளித்து வைத்துப் பழகிய வாய் அது. இது என் ஊகம்தான். மாணவர்கள் விடைத்தாளில் எழுத வேண்டாம்.

அந்தப் பையன் இரண்டாம் முறை கட்டுரையைக் கொண்டுவந்தபோது கடைசியில் தானாக ஒரு பத்தி சேர்த்திருந்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா சயாமுக்கு ஆள் பிடிக்க வந்தபோது பக்கத்து வீட்டுப் பையனைத் தொழுவத்தில் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தாராம். பாட்டியிடம் கேட்டு எழுதியிருக்கிறான். கட்டுரைத் தலைப்புக்குப் பொருந்தாத பத்தி. தேர்வு என்றால் புள்ளி போகும். நான் சிவப்பு மை போடவில்லை.

இனி, எழுதும்போது தவறக்கூடிய இடங்கள். 'ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர்' என்று எழுதாதீர்கள். 1900 பாரிசில் இந்தியா சார்பில் நார்மன் பிரிட்சர்ட் இரண்டு வெள்ளி வென்றதாகப் பட்டியல் சொல்கிறது, ஹாக்கி அணியும் 1928லிருந்தே தங்கம் வாங்கி வந்தது. 'சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம்' என்பதே சரி. 'அனைத்துலகப் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்லர்' என்பதும் தவறு. 1934இல் லண்டனில் நடந்த பேரரசு விளையாட்டில் ரயில்வே தொழிலாளியான ரஷீத் அன்வர் மற்போரில் வெண்கலம் வென்றிருக்கிறார். ஜாதவுக்குப்பின் இந்தியாவுக்கு அடுத்த தனிநபர் பதக்கம் 1996 அட்லாண்டாவில் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வென்றது. இடையில் 44 ஆண்டுகள். பெயரைச் சுருக்கும்போது 'கே.டி. ஜாதவ்' என்று எழுதலாம்; 'கஷாபா ஜாதவ்' என்பதும் அதே ஆள்தான்.